காயாமோட்டைச் சனநாயகமும் அரைக் கை நேசமலரும்

காயாமோட்டைக் குளத்தில் தண்ணீர் இருந்தது. குளத்துக்குக் கீழே வயல் இருந்தது. தண்ணீரை வயலுக்கு விட வேண்டும் என்பதில் ஊரில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆகவே அரசாங்கம் தலையிட வேண்டியதாயிற்று.

அதுவரை இந்த வேலையை விதானையார் ஒருவர் பார்த்துவந்தார். காலையில் எழுந்து வானத்தைப் பார்ப்பார், குளத்தைப் பார்ப்பார், "நாளைக்குத் திறவுங்கோடா" என்பார். திறப்பார்கள். இதில் மக்களுடைய அபிப்பிராயம் ஓரிடத்திலும் கேட்கப்படவில்லை என்பதை அறுபதாம் ஆண்டளவில் கொழும்பில் இருந்தவர்கள் கண்டுபிடித்து மிகுந்த வேதனையடைந்தார்கள். புதிய சட்டம் வந்தது. விதானையார் பதவி ஒழிந்தது. அவர் தன் மைத்துனர்மாரின் வயலுக்கு முதலில் தண்ணீர் விடுகிறவர் என்பதால், மைத்துனர்மாரைத் தவிர ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

கோடை வெள்ளாமையான சிறுபோக விதைப்புக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் அவர் போயிருந்தார். பயிர் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. இனிமேல் விடவேண்டிய தண்ணீரை யார் தீர்மானிப்பது என்று சொல்லிக்கொடுக்கக் குடியேற்ற அதிகாரி அப்புத்துரை ஜீப்பில் வந்து இறங்கினார்.

அப்புத்துரை அண்மையில்தான் சுவிற்சர்லாந்துக்குப் போய்த் திரும்பியவர். பசு வளர்ப்பைப் பார்த்து வரும்படி அனுப்பப்பட்டவர், பசுவைப் பார்க்கப் போன இடத்தில் சனநாயகத்தைப் பார்த்துவிட்டார். மலையடிவாரத்தில் ஓர் ஊர். அந்த ஊர்ச் சனம் முழுவதும் சந்தையடியில் கூடிநின்று கை உயர்த்திச் சட்டம் போட்டதாம். பார்த்த அன்றைக்கே அவருக்குப் பசுவில் இருந்த பற்று விட்டுப்போயிற்று. திரும்பி வரும்போது இறகு செருகிய பச்சைத் தொப்பி ஒன்றும் வாங்கி வந்தார். வன்னி வெயிலில் அந்தக் கம்பளித் தொப்பியோடு அவர் நிற்பதைக் கண்ட கந்தோர்க் கிளாக்கர்மார் ஒரு கிழமைக்குள் தாங்களும் இறகுத் தொப்பிக்கு மாறினார்கள். ஒட்டுசுட்டான் பக்கத்துச் சேவல்கள் சில நாட்கள் வாலில்லாமல் திரிந்தன.

குளக்கட்டடி மருதமரத்தின் கீழ் ஊர் கூடியது. அப்புத்துரை விளக்கினார்.

"சனநாயகம் இரண்டு வகைப்படும். ஒன்று நேரடிச் சனநாயகம். அதில் எல்லா விஷயத்துக்கும் எல்லாரும் கை உயர்த்துவீர்கள். மற்றது பிரதிநிதித்துவச் சனநாயகம். அதில் எல்லாரும் ஒருமுறை கை உயர்த்துவீர்கள். அதற்குப் பிறகு உயர்த்தத் தேவையில்லை."

கடைக்கோடியில் வயல் வைத்திருந்த முத்தலிப் எழும்பினார். "ரெண்டிலயும் தண்ணி எப்ப வரும் ஐயா?"

"அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்."

"அப்ப நாளைக்கு விடுங்கோ."

"அப்படி யோசியாமல் சொல்வதைத்தான் சர்வாதிகாரம் என்கிறது," என்றார் அப்புத்துரை கவலையோடு.

குளத்துக்குத் துருசு, அதாவது தண்ணீர் திறந்துவிடுகிற மதகு, ஒன்றுதான். அதிலிருந்து புறப்படுகிற வாய்க்கால் கொஞ்சத் தூரம் போய் வலது, இடது என்று இரண்டாகப் பிரியும். இதைக் கண்ட அப்புத்துரைக்குக் கடவுளே பரிசோதனைக்கென்று வெட்டிவைத்த வாய்க்காலாகத் தோன்றியது. வலது வாய்க்கால்காரர் நேரடிச் சனநாயகம். இடது வாய்க்கால்காரர் பிரதிநிதித்துவச் சனநாயகம். இரு பகுதியும் இணங்கினால் மட்டும் துருசு திறக்கப்படும். எது சிறந்தது என்று உலகம் அறிந்துகொள்ளட்டும்.

அப்போது நேசமலர் எழும்பினாள். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்களில் ஒருத்தி. கூட வந்த புருஷன் நுளம்புக் கடிக்கும் யானைக்கும் பயந்து ஒரு மழைக்காலத்தோடு ஊருக்குத் திரும்பிவிட, காணி அவளோடு நின்றுவிட்டது. தனியாளாக நின்று கமம் செய்கிறவள்.

"ஐயா, என்ர வயல் ரெண்டு வாய்க்காலும் முடியிற இடத்தில கிடக்குது. பாதிக்கு வலதால பாயும், பாதிக்கு இடதால பாயும். நான் எந்தச் சனநாயகம்?"

அப்புத்துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சுவிற்சர்லாந்தில் இப்படி ஒரு வயல் இருக்கவில்லை.

"நீங்கள் இரண்டிலும் பாதி. ஆகவே வலது வாய்க்கால் கூட்டத்தில் உங்களுக்கு அரைக் கை உண்டு."

"அரைக் கை எண்டா?"

அவர் தன் கையைத் தூக்கிக் காட்டினார். "முழங்கைவரை."

ஊர் கைதட்டியது. சட்டம் எவ்வளவு நுணுக்கமாகச் சிந்திக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

வலது வாய்க்காலில் நேரடிச் சனநாயகம் மறுநாளே தொடங்கியது. வாய்க்கால் தலைப்பில் வயல் வைத்திருந்த பரமலிங்கம் அதுவரை பேசுவதற்கு மனைவி ஒருத்திதான் கிடைத்தவர். இப்போது ஊரே கிடைத்தது. எந்தத் திகதியில் தண்ணீர் கேட்பது என்று தீர்மானித்தார்கள். தீர்மானித்த பிறகு வந்து சேர்ந்த ஒருவர், தான் இல்லாமல் எடுத்த முடிவு நேரடி முடிவாகாது என்றார். நியாயம்தானே? திரும்பவும் எடுத்தார்கள். அதற்குள் ஒருவர் வெளிக்குப் போய்விட்டார். அவர் வரும்வரை காத்திருந்து மறுபடியும் எடுத்தார்கள். திகதி முடிந்ததும் காலையா மாலையா என்ற கேள்வி வந்தது. அது முடிவதற்குள் திகதி போய்விட்டது.

ஒருநாள் கூட்டத்தின் நடுவே, "வயலுக்க மாடு இறங்கீட்டுது!" என்று முத்தலிப் கத்தினார்.

"அது இண்டைய கூட்டத்தில கதைக்கிற விஷயத்தில இல்லை," என்றார் பரமலிங்கம்.

"மாட்டுக்கு அது தெரியாதே!"

"அப்ப சேர்க்கச் சொல்லி முன்மொழியுங்கோ."

முத்தலிப் முன்மொழிந்தார். ஒருவர் வழிமொழிந்தார். ஆதரவு, எதிர்ப்பு, திருத்தம் எல்லாம் முறைப்படி நடந்து, மாட்டைத் துரத்துவது என்று பெரும்பான்மையால் நிறைவேறியபோது மாடு வயிறு நிறைந்து தானாகவே போயிருந்தது. தீர்மானம் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது என்று பரமலிங்கம் அறிவித்தார்.

இடது வாய்க்காலில் இந்தச் சிரமம் ஒன்றும் இல்லை. யோகலிங்கத்தைத் தெரிவுசெய்தார்கள். தங்கமான மனிசன். எல்லாருடைய பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். தெரிவுசெய்த மறுநாள் வேட்டியை மாற்றி நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். முல்லைத்தீவில் பிரதிநிதிகள் மாநாடு. வவுனியாவில் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி. பயிற்சி பெற்றவர்களுக்கு அநுராதபுரத்தில் வரவேற்பு.

நேசமலர் அவர் வீட்டுக்குப் போனாள். மனைவி விமலேஸ்வரி வாசலில் நின்றாள்.

"அவர் இல்லை அக்கா. மக்களோட இருக்கிறார்."

"நாங்கள்தானே மக்கள்?"

"நீங்கள் அவரைத் தெரிவுசெய்த ஆக்கள். மக்கள் வவுனியாவில."

கடைசியில் ஒட்டுசுட்டான் பஸ் தரிப்பிடத்தில் ஆளைப் பிடித்தாள். யோகலிங்கம் அவளைக் கண்டதும் பிள்ளைகளைச் சுகம் விசாரித்தார். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.

"என்ர பயிர் வாடுது தம்பி."

"தெரியும் அக்கா. உங்கட பிரச்சினையை மேலிடத்துக்குக் கொண்டு போயிருக்கிறன்."

"எனக்குத் தண்ணி கீழயெல்லோ வரவேணும்?"

"படிப்படியா வரும்," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்சில் ஏறினார்.

நெல் குடலைப் பருவத்துக்கு வந்தது. கதிர் வயிற்றுக்குள் இருக்கிற நேரம்; இந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் பிறகு கிடைப்பது வைக்கோல்தான். நேசமலரின் வயலில் கால் வைத்தால் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. வரம்பில் குந்தியிருந்து அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து வரம்பில் முத்தலிப்பும் அப்படியே குந்தியிருந்தார். 

இரு பகுதியும் சேர்ந்து முடிவெடுக்க அப்புத்துரை கூட்டுக் கூட்டம் வைத்தார். வலது வாய்க்காலில் இருந்து ஊரே வந்தது. இடது வாய்க்காலில் இருந்து யோகலிங்கம் வந்தார். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பார்வையாளராகச் சுற்றி நின்றார்கள். வாக்கெடுப்பில் யோகலிங்கம் கை உயர்த்தினார்.

"ஒரு கை," என்று எண்ணினார் பரமலிங்கம்.

"இது கை இல்லை," என்றார் யோகலிங்கம். "இது இடது வாய்க்கால் முழுக்க."

"அப்ப உங்கட மற்றக் கை?"

"அது என்ர சொந்தக் கை."

"சொந்தக் கையையும் சேர்த்து உயர்த்தினா?"

"அது லஞ்சம் மாதிரி," என்றார் யோகலிங்கம் சற்று யோசித்து.

ஒரு கைக்கு எத்தனை கை என்று விவாதம் தொடங்கியது. வெயில் உச்சிக்கு வந்தது. நேசமலர் முழங்கைவரை உயர்த்தினாள். அரைக் கைக்கு அரைப் பேச்சுத்தான் பேசலாம் என்று அப்புத்துரை அனுமதித்தார்.

"ஐயா, பயிர் சாகுது, தண்ணியைத் திற..."

"பாதி முடிந்துவிட்டது," என்றார் அப்புத்துரை. "இருங்கோ."

நேசமலர் இருக்கவில்லை. துருசுக்காரன் நடராசா வலது வாய்க்கால்காரன் என்பதால் அவனும் வாக்களிக்க வந்திருந்தான். கை உயர்த்த இடைஞ்சலாக இருந்தபடியால் துருசு திருகுகிற இரும்புத் திறப்பைப் பக்கத்தில் நிலத்தில் வைத்திருந்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு குளக்கட்டில் ஏறினாள். எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தபடியால் எவரும் காணவில்லை.

முதலில் சத்தம் வந்தது. பிறகு மருதமரத்தைத் தாண்டி, நுரையும் சருகுமாகத் தண்ணீர் வாய்க்காலில் போயிற்று. எவருடைய கையையும் எண்ணாமல் போயிற்று.

கூட்டம் எண்ணுவதை விட்டுவிட்டுப் பார்த்தது. பரமலிங்கம் தொண்டையைச் செருமினார். "ஐயா, ஒருக்கா வெளிக்குப் போட்டு வாறன்." இன்னொருவருக்கும் அதே அவசரம். கொஞ்ச நேரத்தில் அப்புத்துரையைத் தவிர எல்லாருக்கும் வயிறு சரியில்லாமல் போய்விட்டது. ஆளுக்கொரு பக்கமாகப் போய், தங்கள் தங்கள் வரம்பை வெட்டித் தண்ணீரை வயலுக்குள் விட்டுவிட்டு, சேற்றுக் காலோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் நேசமலரைக் கண்டித்துப் பரமலிங்கம் தீர்மானம் கொண்டுவந்தார்.

வலது வாய்க்காலில் எல்லாக் கையும் உயர்ந்தது. இடது வாய்க்கால் சார்பில் யோகலிங்கத்தின் கை உயர்ந்தது. இரு சனநாயகங்களும் முதன்முறையாக ஒத்துப்போயின.

"சரி, இனித் துருசைப் பூட்டுவதற்கு ஆதரவானவர்கள்?" என்று அப்புத்துரை கேட்டார்.

ஒரு கையும் உயரவில்லை.

அப்புத்துரை நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர் சட்டவிரோதமானது, ஆனாலும் தொடர்ந்து ஓடலாம். குற்றம் செய்த நேசமலர் வருகிற காலபோகம் முடியும்வரை எந்தக் கூட்டத்துக்கும் வரக்கூடாது, கை உயர்த்தக்கூடாது, அபிப்பிராயம் வைத்திருக்கக்கூடாது.

ஊர் நடுவே தலைகுனிய வைத்துவிட்டார்களே என்று நேசமலர் வீட்டுக்குப் போய் அழுதாள். பொழுதுபட முத்தலிப் வந்தார்.

"மனசில வைக்காதேங்கோ தங்கச்சி. நான் கை உயர்த்தினது மெய்தான். எல்லாரும் உயர்த்தினபடியால்தான் உயர்த்தினனான்."

அதையே சொல்லிக்கொண்டு வலது வாய்க்கால்காரர் ஒவ்வொருவராக வந்தார்கள். இடது வாய்க்கால்காரரும் வந்தார்கள். "நாங்கள் ஒருதரும் உயர்த்தேல்லை அக்கா. யோகலிங்கம்தான் உயர்த்தினவர்." யோகலிங்கமும் வந்தார். "நான் எனக்காக உயர்த்தேல்லை. இடது வாய்க்காலுக்காக உயர்த்தினனான்."

"அப்ப என்னைத் தண்டிச்சது ஆர்?" என்று நேசமலர் கேட்டாள்.

எவருக்கும் தெரியவில்லை. இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் அப்புத்துரை விளக்கியபோது விளங்காதவர்களுக்கும் அன்றைக்கு விளங்கியது. ஒன்றில் எல்லாரும் செய்தபடியால் ஒருவரும் செய்யவில்லை. மற்றதில் ஒருவர் செய்தபடியால் வேறொருவரும் செய்யவில்லை.

காலபோகம் வந்தது. மழை பெய்தது. மழையை ஏற்றுக்கொள்வதா என்று வலது வாய்க்கால்காரர் கூடினார்கள். மழை பற்றிய மாநாட்டுக்கு யோகலிங்கம் வவுனியாவுக்குப் போனார். நேசமலருக்குப் போக இடம் இல்லை. ஆகவே வயலுக்குப் போனாள். களை பிடுங்கினாள். வரம்பு கட்டினாள். பன்றி வரும் என்று தகரம் கட்டி அடித்தாள். அவளுக்கு எந்த விஷயத்திலும் அபிப்பிராயம் இருக்கக்கூடாது என்று சட்டம் இருந்தபடியால் இரவில் நன்றாக நித்திரையும் வந்தது.

பரமலிங்கத்தின் வயலுக்குப் பன்றிகள் கூட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கையில் தவறாமல் வந்துபோயின.

அறுவடை முடிந்து கதிர்க்கட்டுகளைக் குவித்து அடுக்கியபோது நேசமலரின் சூடு ஊரில் எல்லாருடையதிலும் உயரமாக நின்றது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார் பரமலிங்கம்.

"என்ன பசளை போட்டனி?"

"ஒண்டும் போடேல்லை அண்ணை. கூட்டத்துக்குப் போகேல்லை."

அந்த வார்த்தை ஊர் முழுக்கப் பரவியது.

அடுத்த சிறுபோகத்தின் முதற் கூட்டம். அப்புத்துரை தொடங்குவதற்கு முன்னரே பரமலிங்கம் எழும்பி நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயா, என்ர மனச்சாட்சி கொல்லுது. போன சிறுபோகம் துருசைத் திறந்தது நானும்தான்."

"நீர் அந்த நேரம் எனக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டல்லவா இருந்தீர்?"

"வாய்தான் ஐயா இஞ்ச நிண்டது. மனம் துருசடியில."

அப்புத்துரை அதை எழுதிக்கொண்டார். பரமலிங்கத்துக்கு ஒரு போகத் தடை விதித்தார். பரமலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்வெட்டியோடு வயலுக்கு ஓடினார். அடுத்ததாக முத்தலிப் எழும்பினார். "நான் மனசால திறப்பைத் திருகினனான் ஐயா." அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. துருசுக்காரன் நடராசாகூட, தான் வேண்டுமென்றேதான் திறப்பை நிலத்தில் வைத்ததாகச் சொல்லி அழுதான். வலது வாய்க்கால்காரர் ஒவ்வொருவராகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடிய மாலையாகிவிட்டது.

பிறகு யோகலிங்கம் எழும்பினார். அவருக்கும் பஸ் பயணம் அலுத்துப்போயிருந்தது. "இடது வாய்க்கால் மக்கள் அனைவரின் சார்பிலும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்," என்றார். ஒரே வசனத்தில் முடிந்தது. பிரதிநிதித்துவ முறையில் நேரம் மிச்சம் என்பதை அப்புத்துரை பாராட்டினார்.

அவர் நிமிர்ந்து பார்த்தபோது மருதமரத்தின் கீழ் அவர் மட்டும் இருந்தார். சனநாயகம் இருந்தது, சனத்தைக் காணவில்லை. அப்போதுதான் நேசமலரின் தடை காலபோகத்தோடு முடிந்துவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. ஜீப்பை எடுத்துக்கொண்டு அவள் வயலுக்கு ஓடினார்.

"தங்கச்சி, இப்ப மக்கள் என்றால் நீங்கள்தான்."

"எனக்கு வரம்பு கட்டிற வேலை கிடக்கு ஐயா."

"நீங்கள் வராவிட்டால் இந்தக் குளத்தில் சனநாயகம் செத்துவிடும்."

"எனக்கு அரைக் கைதானே?"

"இல்லை, இல்லை. வலது கை நேரடி. இடது கை பிரதிநிதி. இரண்டையும் உயர்த்தலாம். முழுப் பேச்சும் பேசலாம். கதிரையும் போடுகிறேன்."

நேசமலர் போக மனமில்லாமல்தான் போனாள். கதிரையில் இருந்தாள். வன்னிக்கு வந்த நாள் தொடக்கம் வரம்பில் குந்திப் பழகிய முதுகு அது. சாய்ந்தபோது இதமாக இருந்தது. கொஞ்சம் யோசித்தாள்.

"கடைசி வயலுக்கு முதல் தண்ணி விடவேணும்," என்று வலது கையை உயர்த்தி முன்மொழிந்தாள். "அதுகள் நிரம்புமட்டும் தலைப்பு வயலுகளைப் பூட்டி வைக்கவேணும்." இடது கையை உயர்த்தி வழிமொழிந்தாள். எதிர்த்துப் பேச எவரும் இல்லாதபடியால் வரலாற்றில் முதன்முறையாகக் காயாமோட்டையில் ஒரு கூட்டம் வெற்றிலை போட்டு முடியுமுன் முடிந்தது. அப்புத்துரையின் கண்ணில் நீர் வந்தது. நேரடிச் சனநாயகமும் பிரதிநிதித்துவச் சனநாயகமும் ஒரே கதிரையில் இருப்பதைச் சுவிற்சர்லாந்திலும் அவர் காணவில்லை.

குற்றவாளியானாலும் நடராசா துருசுக்காரன்தான். தீர்மானத்தைக் கேட்டு மறுநாள் துருசைத் திறந்தான். தண்ணீர் தலைப்பு வயல்களைத் தொடாமல் நேரே கடைசிக்குப் போயிற்று. நேசமலரின் வயலும் முத்தலிப்பின் வயலும் நிரம்பிக்கொண்டிருந்தன. தலைப்பு வயல்காரர்கள் மண்வெட்டிகளோடு, அப்புத்துரையும் கதிரையில் நேசமலரும் இருந்த மருதமரத்தடிக்கு ஓடிவந்தார்கள்.

"ஆரைக் கேட்டு உப்பிடிச் செய்தது?" என்று பரமலிங்கம் கத்தினார்.

"சனத்தைக் கேட்டுத்தான்," என்றார் அப்புத்துரை.

"நாங்களெல்லோ சனம்?"

"நீங்கள் குற்றவாளிகள்."

பரமலிங்கம் வெட்கத்தை விட்டார். "ஐயா, நாங்கள் துருசைத் திறக்கேல்லை. அண்டைக்குச் சொன்னது பொய்."

"அதிகாரிக்குப் பொய் சொல்வதும் குற்றம்," என்றார் அப்புத்துரை. "அதற்கு இன்னும் ஒரு போகம்."

எல்லாரும் கதிரையைப் பார்த்தார்கள். "பிள்ளை," என்றார் பரமலிங்கம் குரலைத் தாழ்த்தி, "எங்கட வயலும் காயுது. நீ பாத்து ஒரு முடிவு சொல்லு."

நேசமலருக்கு அந்த முகங்களைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வெடிப்பு விழுந்த வயலின் வரம்பில் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கடைசி வயல் இன்னும் நிரம்பவில்லை.

"நான் என்ர எண்ணத்துக்குச் செய்யிற ஆள் இல்லை அண்ணை," என்றாள். "எதெண்டாலும் கேட்டுத்தான் செய்வன். இந்த முடிவுக்கு எதிரான ஆக்கள் இருந்தால் கை உயர்த்துங்கோ பாப்பம்."

கைகள் அசைந்தன. தடை நினைவுக்கு வந்தது. மூன்றாவது போகத்தை நினைத்து ஒருவர் தலையைச் சொறிந்தார். ஒருவர் மண்வெட்டியை மற்றத் தோளுக்கு மாற்றினார். பரமலிங்கம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எதிர்ப்பு இல்லை," என்று அப்புத்துரை அறிவித்தார். "ஏகமனதாக நிறைவேறியது."

வெயில் ஏறிக்கொண்டு வந்தது. கதிரையைக் கொஞ்சம் நிழலுக்குள் தள்ளி வைத்தால் நல்லது என்று நேசமலர் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பரமலிங்கம் ஓடிவந்து தள்ளி வைத்தார்.